தேய்க்காத குக்கர்

மதியச் சங்கு ஊதிவிட்டால் புதுக்காயலில் சத்தம் போடுகிறவனை ஊர் மன்னிக்காது. படகுக்காரர்கள் மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்பைக் கையிலெடுப்பார்கள். மீன் ஏலம் விடுகிறவர் வாயை மூடிக்கொண்டு விரலை மட்டும் ஆட்டுவார். மிதவைப் பாலங்களில் நடப்பவர்கள் செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார்கள். ஊருக்குப் புதிதாக வந்த ஆள் யாராவது, “என்னங்க, யாருக்காவது உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டால், “உஷ்! பிள்ளைங்க பாடம் படிக்குது” என்று பதில் வரும்.

பாடம் படிப்பது என்றால் தூங்குவது. பள்ளிக்கூடத்துத் துயிற்கூடத்தில் பாய் விரித்து, நெற்றியில் கனாப்பட்டையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருக்கும். உலகத்தில் இருந்த அருங்காட்சியகங்கள் எல்லாம் ஒரு காலத்தில் மனசு வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று தங்கள் பெட்டகங்களைத் திறந்துவிட்டன. அவை ஒன்றாகச் சேர்ந்ததுதான் திறந்த பேழை. ஆசிரியை அதிலிருந்து ஒரு பொருளை எடுத்து வகுப்பின் தூக்கத்துக்குள் விடுவார். நேற்று எகிப்தில் ரொட்டி சுட்ட மண் அச்சு, அதற்கு முந்தின நாள் ஜப்பானில் யாரோ ஒரு வைத்தியரின் மருந்துப்பெட்டி. பிள்ளைகள் அந்தப் பொருள் இருந்த வீட்டுக்குள் போய், அதைத் தொட்டுப் புழங்கியவர்களோடு ஒரு மதியம் இருந்துவிட்டு வரும். எழுந்து வரும்போது தன் கையையே முகர்ந்து பார்த்துக்கொண்டு வரும். நேற்று ஊர் முழுக்கப் பிள்ளைகள், கையில் இல்லாத மாவைத் தட்டிக்கொண்டு திரிந்தன.

கஸ்பாரும் அந்த நேரத்தில் தன் இயந்திரத்தை நிறுத்திவிடுவான். பேழைக்கூடத்துச் சன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பழைய கரை மூழ்கிக் கிடக்கிற திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். தண்ணீர் பச்சையும் வெள்ளியுமாக அசையும். ஊரும் கூடவே அசையும். எல்லோருமே அரைத்தூக்கத்தில் இருப்பதுபோல ஒரு மயக்கம் பாலங்களின் மேல் படிந்து கிடக்கும். அவனுக்கு மட்டும் தூக்கம் வராது.

அவன் அங்கே உரிப்பாளன். மிதக்கிற ஊருக்குக் கனம் ஆகாது, அதனால் வீட்டுக்கு இவ்வளவுதான் சாமான் என்று எடை வரம்பு உண்டு. மிஞ்சினதைப் பேழைக்கூடத்தில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கஸ்பார் அதை உரிப்பானுக்குள் வைப்பான். வெங்காயத்தைப் போல அது பொருளைப் படலம் படலமாக உரித்து, உரித்த படலத்தைப் படித்து, அடுத்த படலத்துக்குப் போகும். படித்து முடிக்கும்போது பொருள் இருக்காது. விவரம் முழுவதும் பேழைக்குப் போகும், உலோகத் தூள் மிதவையின் அடித்தகட்டுக்கு ஒட்டுப்போடப் போகும்.

விஷயமே அந்தப் படலங்களில்தான். கஞ்சிப் படிவு, குழம்புக் கறை, புகை, விரல் எண்ணெய் என்று, சும்மா அலசினால் போகாமல் ஒவ்வொரு நாளும் ஒட்டினதில், அந்த நாளில் பக்கத்தில் பேசின பேச்சும் மெல்லிசாகக் கீறிக் கிடக்கும். அதை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டால் மணலை மிதித்த மாதிரி நறநறவென்றுதான் இருக்கும். பிள்ளைகளின் தூக்கத்துக்குத்தான் அந்தத் துணுக்குகளைக் கோத்துக் குரலாக்கத் தெரியும். அது எப்படி என்று எந்த விஞ்ஞானிக்கும் இன்னும் பிடிபடவில்லை. பெரியவர்கள் கனாப்பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தால் நன்றாகக் குறட்டை வரும், வேறொன்றும் வராது. பிள்ளைகளுக்கும் பருவம் வந்துவிட்டால் அந்த வாசல் அடைத்துவிடும்.

சங்கு மறுபடி ஊதி ஊர் வாயைத் திறந்ததும், சுலைஹா டீச்சர் பேழைக்கூடத்துக்கு வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“கஸ்பாரண்ணே, எனக்கு மானம் போவுது.”

“என்ன ஆச்சு டீச்சர்?”

“‘நம்ம கரை’ன்னு இந்த மாசம் பாடம். ரோமாபுரிச் சட்டியத் தூக்கத்துல விட்டா அடுப்படியில புருஷன் பெண்டாட்டி சண்ட கேக்குது. பெரு நாட்டுப் பானையில ஒரு அம்மா பாடுறா. நம்ம ஊரு பாத்திரத்த விட்டா ஒரு சத்தம் இல்ல. பளபளன்னு பாத்திரம், அதப் புடிச்சிட்டு ரெண்டு கை, அம்புட்டுதான். இன்னிக்கி ஒரு புள்ள எந்திரிச்சு ஒக்காந்து கேக்குது, ‘டீச்சர், அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க யாருமே பேசிக்க மாட்டாங்களா?’ன்னு. நான் என்னத்தச் சொல்ல?”

கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டான். காரணம் அவனுக்குத் தெரியாததா! ‘தேய்க்காமல் கொண்டுவரவும்’ என்று வாசலில் பெரிய எழுத்தில் பலகை வைத்தவனே அவன்தான். பெண்கள் பலகையைப் படிப்பார்கள். படித்துவிட்டு, இந்த ஆள் நம் குடும்பத்தையே கேவலப்படுத்துகிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அழுக்குப் பாத்திரத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதே அவமானம், உலகத்துக்கே கொடுப்பது என்றால் சும்மாவா? முதல் நாள் ராத்திரியே புளியைக் கரைத்து ஊறவைத்து, நாரும் மணலும் போட்டு, கை வலிக்க வலிக்கத் தேய்த்து, முகம் பார்க்கிற கண்ணாடியாக்கிக் கொண்டுவருவார்கள். ஒரு குடும்பம் பேசின அத்தனை பேச்சும் சாக்கடையோடு போயிருக்கும். இவன் ஆயிரம் தடவை எடுத்துச் சொல்லிவிட்டான். “நல்லாருக்கே நீரு சொல்லுறது! நாங்க என்ன வக்கத்துப் போனவங்களா?” என்று பதிலுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

“யாரு வீட்லயாவது தேய்க்காத பாத்திரம் ஒண்ணு இருக்குமாண்ணே?” என்றார் டீச்சர்.

“இருக்காது” என்றான் கஸ்பார். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டான்.

டீச்சர் புறப்பட்டவர் வாசலில் நின்றார். “இன்னொண்ணு. ஒங்க மக இசாவுக்குத் துயில் மெலிய ஆரம்பிச்சிட்டுண்ணே. இந்த வாரம் ரெண்டு மட்டம் பாதியில முழிச்சிட்டா. சில பிள்ளைங்களுக்குச் சீக்கிரமே வந்துரும். இன்னும் கொஞ்ச நாள்தான் அவளுக்குப் பாடம். மனசுல வெச்சுக்கோங்க.”

அவர் போனபிறகு கஸ்பார் இயந்திரத்தைப் போடவில்லை. சன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தான்.

அவன் வீட்டில் சாப்பாட்டு மேசைக்குக் கீழே தரைப்பலகை ஒன்று பெயர்ந்து வரும். அதற்கடியில் துணியில் சுற்றி ஒரு பிரஷர் குக்கர் இருந்தது. அவன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் மனைவி பிலோமி பொங்கின குக்கர். கடல் ஏறிக் கரை மூழ்கினதற்கு மறுவருஷம் வந்த காய்ச்சலில் அவள் போனபோது மகள் இசபெல் தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவன் கண்ணில் முதலில் பட்டது, அடுப்பின் மேல் கழுவாமல் கிடந்த அந்தக் குக்கர். அவனால் அதைக் கழுவ முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. கழுவாததைக் காய்ந்தபடியே எடுத்து வைத்தான், அவ்வளவுதான் கதை. அவளுடைய படங்களையும் குரலையும் எல்லாம் ஏதோ ஒரு கம்பெனியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். கம்பெனியை மூடினார்கள், படங்களும் போயின. ரேஷன் அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கிற ஒரு முகம்தான் மிச்சம். பிலோமி ஒருநாளும் அப்படி முறைத்தவள் இல்லை.

குக்கரின் கனத்துக்கு ஈடுகட்ட வீட்டில் ஆளுக்கு இரண்டு உடுப்பு, ஒரு தட்டு. உரிப்பாளன் வீடு என்பதால் சிக்கனம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

அன்று சாப்பிட்டு முடித்ததும் இசா தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். ஒல்லியான பெண், பிலோமியின் புருவம்.

“அப்பா, மேசைக்கடியில இருக்கதக் குடுத்துரலாம்ப்பா.”

கஸ்பாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“சின்னதுலேருந்து தெரியும். நீங்க அதத் தெறந்து பாத்துட்டு மூடுவீங்கல்ல. நான் தூங்குத மாதிரி படுத்திருப்பேன்.”

கஸ்பார் தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்தான். மறுபடி எடுத்து வைத்தான்.

“எகிப்துல ரொட்டி சுட்ட அம்மாவோட குரல் எனக்குத் தெரியும்ப்பா. அவங்க மூக்க உறிஞ்சுறது கூடத் தெரியும். எங்கம்மா கொரல் எனக்குத் தெரியாது” என்றாள் இசா. அழவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“அதக் குடுத்தா நமக்கு ஒண்ணுமே இருக்காதும்மா. ஊருல இருக்க பிள்ளைய எல்லாம் நம்ம அடுப்படிக்குள்ள வந்து நிக்கும். ஊருன்னா இந்த ஊரு மட்டுமில்ல. எந்த நாட்டுப் பிள்ளையும் வரலாம்.”

“வரட்டும்.”

“நீ லேசாச் சொல்லிருவ” என்று எழுந்து வெளியே போய்விட்டான்.

மறுநாள் அவனாகவே சுலைஹா டீச்சரைத் தேடிப்போனான். விஷயத்தைச் சொன்னதும் டீச்சருக்குக் கண் விரிந்தது. சந்தோஷத்தை வெளியே காட்டாமலிருக்க அவர் பட்ட பாடு அவனுக்கே தெரிந்தது. இசா ஒருத்தியின் தூக்கத்துக்குள் மட்டும் விட்டு மூடிவிட முடியுமா என்று கேட்டான்.

“பேழைக்குப் பூட்டே செய்யலியேண்ணே” என்றார் டீச்சர் மெதுவாக. “அவங்க அவங்க சாமானத்த அவங்க அவங்க பூட்டி வெச்சிருந்தா, நம்ம பிள்ளைங்களுக்கு எகிப்து ஏது, ஜப்பான் ஏது? உள்ள போனா எல்லாருக்கும்தான்.”

“எல்லாருக்கும் சரி. எனக்கு?”

பெரியவர்களுக்கு அந்த வாசல் அடைத்தாயிற்று. முன்பின் தெரியாத பிள்ளைகள் எல்லாம் பிலோமி பேசக் கேட்கும், அவளைக் கட்டினவன் மட்டும் வாசலில் நிற்பான். கையில் இருப்பது வெறும் அலுமினியப் பாத்திரம்தான், ஆனாலும் இன்றைக்கு அது இருக்கிறது. நாளைக்கு அதுவும் இருக்காது. கஸ்பாருக்குப் பொறாமையாக இருந்தது. பிறக்காத பிள்ளைகள் மேல் கூடப் பொறாமையாக இருந்தது. இப்படி நினைப்பது அசிங்கம் என்று தெரிந்தும் நினைப்பு நிற்கவில்லை.

நாலைந்து நாள் முடியாது முடியாது என்றே முறுக்கிக்கொண்டு திரிந்தான். பிறகு ஒரு மதியம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பாலத்தைத் தாண்டும்போது, துயிற்கூடத்துப் படியில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். இசா. கனாப்பட்டை கழுத்தில் தொங்கியது. உள்ளே சன்னல் வழியாகப் பிள்ளைகள் தெரிந்தன. ஒரே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு, ஒரே நேரத்தில் எதற்கோ சிரித்துக்கொண்டு, எங்கோ தூரத்தில் இருந்தன. இவள் மட்டும் வெயிலில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கஸ்பார் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“முழிச்சிட்டியாம்மா?”

“ம்.” ரகசியமாகச் சொன்னாள்: “எல்லாரும் உள்ள இருக்கும்போது நம்ம மட்டும் வெளிய இருந்தா ஒரு மாதிரி இருக்குப்பா.”

அந்த ஒரு மாதிரி எந்த மாதிரி என்று அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அதை அவளும் ஆயுசுக்கும் சுமக்க வேண்டுமா?

“நாளைக்குக் குடுத்துரலாம்” என்றான்.

மறுநாள் காலையில் குக்கரைத் துணி பிரித்து மேசை மேல் வைத்துவிட்டு, உரிப்பானைச் சூடுபண்ணிவிட்டு வருகிறேன் என்று பேழைக்கூடத்துக்குப் போனான். அது சூடாக நேரம் பிடிக்கும். நன்றாக உரிய வேண்டுமே என்று எல்லா அளவுமுள்ளையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தான். திரும்பி வரும்போது வீட்டுக்கு முந்தின பாலத்திலேயே அந்தச் சத்தம் கேட்டது. சரக், சரக், சரக். வேறு எந்தச் சத்தமாக இருந்தாலும் அவன் கவனித்திருக்கமாட்டான். பாத்திரம் தேய்க்கிற இந்தச் சத்தம் அவன் பிழைப்புக்கே எதிரி.

ஓடினான். பாலம் ஆடி எதிரே வந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திட்டினார்கள்.

பின்வாசலில் அவன் அக்கா மெற்றில்டா குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் புளித்தண்ணீர், கையில் நார், மடியில் குக்கர்.

“அக்கா! கைய எடு! கைய எடுக்கா!”

“என்னல இப்பிடிக் கத்துத, பிள்ளைய படிக்குத நேரம் வந்துட்டோன்னு பாத்தேன்” என்றாள் மெற்றில்டா. “இசா சொன்னா, இன்னிக்கிப் பிலோமி சாமானத்தக் குடுக்கப் போறியன்னு. பாத்தா உள்ள அம்புட்டும் காஞ்சு போயிக் கெடக்கு. இப்பிடியேவா உலகத்துக்குக் குடுப்பாவ? நாளைக்கு ஒரு சனம், ‘இந்தப் பொம்பளைக்குப் பாத்திரம் வெளக்கக் கூடத் தெரியாது போல’ன்னு சொல்லிட்டா? எங்க பிலோமி எப்பிடி வெச்சிருப்பா வீட்ட!”

கஸ்பார் குக்கரைப் பிடுங்கிப் பார்த்தான். உள்ளே ஒரு பக்கம் வெள்ளிபோல மின்னியது. மறுபக்கத்தில் பழுப்பும் வெள்ளையுமாகப் படிவு இன்னும் ஒட்டியிருந்தது. சரிபாதி போயிருந்தது.

“ஒன்ன யாருக்கா கேட்டா? அதுல அவ பேச்சு இருந்துச்சுக்கா! அவ பேசுன பேச்செல்லாம் அதுலதான் இருந்துச்சு! பாதியக் கழுவிட்டியே! பாவி, பாதியக் கழுவிட்டியே!”

மெற்றில்டாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் கையிலிருந்த நாரை ஏதோ பாம்பைப் போட்டதுபோலக் கீழே போட்டாள். புளித்தண்ணீரைப் பார்த்தாள். அதில் வெள்ளையாக ஏதோ கரைந்து சுழன்றது. “ஐயோ மாதாவே, இதுல அவ பேச்சு இருக்கும்னு எனக்குத் தோணலியேல! அவ பேரு கெட்டுறக் கூடாதேன்னுதான…” என்று முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள். அவளும் பிலோமியும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். கஸ்பாருக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் குக்கரை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நடந்தான்.

உரிப்பானுக்குள் அவனே வைத்தான். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் குக்கரைச் சுற்றி மூடுபனி மாதிரி ஒன்று கிளம்பியது. முதலில் வெளிப்புறத்துக் கரி போனது. கைப்பிடி கரைந்தது. மூடி தேய்ந்து நிலா மாதிரியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. கஞ்சிப் படிவின் முறை வந்தபோது ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுக் காதை வைத்தான். நறநற, நறநற. எங்கோ தூரத்தில் யாரோ மணலில் நடந்து போகிற மாதிரி. அதில் ஒரு வார்த்தை கூட இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான். பாதியிலேயே சத்தம் நின்றுவிட்டது. பிறகு தூள் சரிந்தது.

அன்று மதியச் சங்கு ஊதினதும் ஊர் வழக்கம்போல அடங்கியது. கஸ்பார் துயிற்கூடத்துக்கு எதிரே பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அலை மெதுவாகத் தூக்கித் தூக்கி இறக்கியது. பாலம், பள்ளிக்கூடம், உள்ளே படுத்திருந்த பிள்ளைகள், எல்லாமே ஒரே மூச்சாக ஏறி இறங்கின. இந்த நிமிஷம் அவள் பேசிக்கொண்டிருப்பாள். இருபது அடிக்கு அந்தப் பக்கம், ஒரு சுவருக்குப் பின்னால், அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருப்பாள். இசா, தயவுசெய்து முழித்துவிடாதே, இன்றைக்கு மட்டும் முழித்துவிடாதே என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தான். வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து கூசியது. படியில் யாரும் வந்து உட்காரவில்லை.

மறுசங்கு ஊதியது. கதவு திறந்தது.

முதலில் வந்த பிள்ளைகள் அவனைப் பார்த்ததும் சடாரென்று நின்றன. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முன்னால் நின்ற ஒரு குண்டுப் பெண் பிடரியைச் சொறிந்துகொண்டு, தொண்டையைக் கனைத்தாள்.

“ம்க்கும்.”

அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் பிடரியைச் சொறிந்தது. “ம்க்கும்… அது ஒண்ணுமில்ல பிலோமி… சும்மாதான் கேக்கேன்… சோறு ஆயிட்டா?” என்று எல்லாம் சேர்ந்து இழுத்துச் சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

கஸ்பாருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் வந்த சுலைஹா டீச்சர் சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் வைத்திருந்தார்.

“கோச்சுக்காதீங்கண்ணே. ஒங்க வீட்டுக்காரம்மா பேசிக் காட்டினதத்தான் பிள்ளைங்க செய்யுது. எனக்கும் இப்பத்தான் சொல்லுதுங்க. ஒங்க வீட்ல அவங்க கைப்பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு, நீங்க வர்ற நேரத்துக்குத் தெனமும் ஒங்கள மாதிரியே பேசிக் காட்டுவாங்களாம். ‘ஒங்கப்பா வருவாரு பாரு, வந்து என்ன சொல்லுவாரு பாரு’ன்னு. அந்தப் படிவு முழுக்க நீங்கதாண்ணே. ஆப்பிரிக்காவுல மொம்பாசாவுல ஒரு வகுப்பு அதுக்குள்ள அதப் பேழையிலேருந்து எடுத்துட்டு. அங்கேயும் இன்னிக்கி எல்லாரும் ஒங்கள மாதிரிதான் கனச்சிட்டு இருப்பாங்க.”

கஸ்பாரின் கை தானாகப் பிடரிக்குப் போனது. போன கையை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே வைத்துக்கொண்டான். தான் இப்படிக் கனைப்பது அவனுக்கே தெரியாது. இத்தனை வருஷமாக யாரும் சொன்னதில்லை. ஒருத்தி கவனித்திருக்கிறாள். தினமும் அவன் படகு வருவதற்கு முன்னால், அவன் இல்லாத வீட்டில், அவனை வைத்து விளையாடி, பிள்ளைக்குக் காட்டிச் சிரித்திருக்கிறாள். அவளை உலகத்துக்குக் கொடுப்பதாக நினைத்து இவன் பட்ட வேதனை கொஞ்சமா? அவளானால் இவனையல்லவா பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அவனுக்குக் கண் நிறைந்து வழிந்தது. பிள்ளைகள் பார்க்கின்றனவே என்று கூடத் துடைக்கத் தோன்றவில்லை.

கடைசியாக இசா வந்தாள். அவள் சிரிக்கவில்லை. தூக்கம் முழுசாகக் கலையாத முகத்தோடு வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டியாம்மா?”

தலையை ஆட்டினாள். “கடைசி வரைக்கும் முழிக்கவே இல்லப்பா. எல்லாருக்கும் ஒங்கள மாதிரி பேச வருது. அம்மா மாதிரி பேச ஒருத்தருக்கும் வரல. எனக்கும் வரல.” சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “ஒரு இடம் மட்டும் கேக்கலப்பா. ஒங்கள மாதிரி பேசி முடிச்சிட்டு, ‘அதுக்கு அம்ம என்ன சொல்லுவேன் தெரியுமா? தொரைக்கு…’ அப்பிடின்னு ஆரம்பிப்பா. அதோட போயிரும். ஒவ்வொரு நாளும் அந்த எடத்துல போயிரும். வெறும் வெளிச்சமாத் தெரியும், பேச்சு வராது. அப்புறம் என்னப்பா சொல்லுவா?”

மெற்றில்டா தேய்த்த பக்கம்.

பிள்ளைகளும் சிரிப்பை நிறுத்திவிட்டன. எல்லோருக்கும் அதே இடத்தில்தான் நின்றுபோயிருந்தது. “அப்புறம் என்ன சொல்லுவாங்க?” என்று அந்தக் குண்டுப் பெண்ணும் கேட்டாள். டீச்சர் கூட ஓரடி முன்னால் வந்தார். அவர் மனசுக்குள் அந்த இடத்தை நிரப்பிப் பேழைக்கு அனுப்புகிற கணக்கு ஓடுவது முகத்திலேயே தெரிந்தது.

தினமும் கேட்ட பதில். கடலிலிருந்து வந்து காலைக் கழுவுமுன்னே காதில் விழுகிற பதில். உலகத்தில் இப்போது அது ஒரே ஒருவனிடம் இருக்கிறது.

கஸ்பார் குனிந்தான். இசாவின் காதோரம் முடியை ஒதுக்கினான். வாயைத் திறந்தபோது, தன் தொண்டையிலிருந்து பிலோமியின் இழுப்பும், பிலோமியின் நையாண்டியும், கடைசி வார்த்தையில் அவள் குரல் லேசாக இறங்கிக் குழைகிற குழைவும் அப்படியே வருவதைக் கேட்டு அவனே திகைத்துப்போனான். ரகசியமாகத்தான் சொன்னான். அலைச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

இசாவின் கண் பெரிசாகியது.

“இதே கொரல்தாம்ப்பா” என்றாள். “இதே கொரல்தான்.”

அடுத்த நிமிஷம் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, விசும்பலா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்றில் குலுங்கினாள். பிள்ளைகள் சுற்றி நெருக்கிக்கொண்டன. “என்ன சொன்னாரு? இசா, என்ன சொன்னாரு? எங்களுக்கும் சொல்லு!”

இசபெல் அப்பாவின் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள். தன் வீட்டு அடுப்படிக்குள் வந்து நின்றுவிட்டுப் போன அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“அது எங்க வீட்டு விஷயம்” என்றாள்.